மைதானத்தில் வரைந்த ‘எச்’: ஹெலிகாப்டர் புறப்பாட்டுக் கணக்கு யார் கையில்?

ஒரு ஹெலிகாப்டர் ஓர் இடத்தில் பத்திரமாக இறங்கிவிட்டது என்பதாலேயே அங்கிருந்து பத்திரமாக எழும்பும் என்று சொல்லிவிட முடியாது. காலையில் இறங்கியது நண்பகலில் புறப்படலாம். இடையில் வெயில் ஏறியிருக்கும், காற்று திசைமாறியிருக்கும், ஆட்கள் கூடியிருப்பார்கள். எவ்வளவு எடையோடு, எந்தத் திசையில், எத்தனை மீட்டர் திறந்தவெளி இருந்தால் எழும்பலாம் என்பதை முன்கூட்டியே எந்த எண்ணைக் கொண்டு முடிவுசெய்வது? அந்த எண் எங்கே கிடைக்கும்? ஹெலிகாப்டர் பயணிகளை ஏற்றத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. இதற்கு வந்த பதில்கள் பல. ஒவ்வொன்றும் முந்தையதன் ஓட்டையை அடைக்க வந்து, தன் பங்குக்கு வேறொன்றை விட்டுச்சென்றது.

அந்தப் பதில்களை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் தரையில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தென்மாவட்டச் சிற்றூர்களில் ஹெலிகாப்டர் என்றால் பெரும்பாலும் தலைவர்களின் வருகைதான். பொதுப்பணித் துறை ஒரு கல்லூரி மைதானத்தைச் சமன்செய்து, வட்டமிட்டு, நடுவில் வெள்ளையில் ‘எச்’ எழுதும். தீயணைப்பு வண்டி தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கும். ஆனால் தேவை அதோடு நிற்கவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கியபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சூழப்பட்டு நின்றபோதும் அப்படியே. சதுரகிரி போகும் பக்தர்கள், சிவகாசி, சாத்தூர் பட்டாசு ஆலைகளில் தீக்காயம் பட்டு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு விரையும் தொழிலாளர்கள் ஆகியோரைக் கணக்கில் கொண்டால், இந்த வட்டாரத்துக்கு ஒரு நிரந்தரத் தளம் வேண்டும் என்ற யோசனை எழுவது இயல்பே.

வெயிலே ஓர் உயரம்

ஹெலிகாப்டரின் விசிறி அலகுகளும் எஞ்சினும் காற்றின் அடர்த்தியை நம்பி வேலைசெய்கின்றன. காற்று லேசானால் இரண்டும் ஒருசேரத் தளர்கின்றன. இந்தத் தளர்ச்சியைக் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்துக்குச் சமம் என்று சொல்வது விமானிகளின் வழக்கம். அதை அடர்த்தி உயரம் என்பார்கள்.

ராஜபாளையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 அடியில் இருக்கிறது. உலகத் தர வளிமண்டலக் கணக்குப்படி அந்த உயரத்தில் வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 26 டிகிரி. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 120 அடி என்பது விமானிகள் மனக்கணக்காகப் பயன்படுத்தும் விகிதம். அதன்படி 3,100 அடிக்கு மேல் கூடுகிறது. ஆக, நண்பகலில் அந்த மைதானத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் தான் 3,600 அடி உயரத்தில் நிற்பதாகவே உணரும். கோடையில் காற்றழுத்தம் சற்று இறங்கியிருந்தால் இன்னும் இருநூறு, முந்நூறு அடி சேரும். ஒப்பிட, 7,000 அடி உயரக் கொடைக்கானலில் 20 டிகிரி வெப்பத்தில் இதே கணக்கு 9,300 அடியைத் தொடும். கொடைக்கானல் உயரம் என்பது எவருக்கும் தெரியும். ராஜபாளையம் சமவெளி என்று எண்ணிக் கணக்கைத் தளர்த்திவிடும் வாய்ப்பு அதிகம். இது தோராயக் கணக்குதான். ஆனால் எடையில் எத்தனை கிலோ விடவேண்டும் என்பது இப்படிப்பட்ட எண்ணிலிருந்தே தொடங்குகிறது.

முதல் பதில்: எழுப்பிப் பார்ப்பது

மிகப் பழைய பதில் இது. தரையிலிருந்து சில அடி மேலே எழுப்பி, அந்தரத்தில் நிறுத்தி, எஞ்சினின் விசை எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு மிச்சம் என்று விமானி பார்க்கிறார். மிச்சம் போதுமானால் புறப்பாடு. இல்லையேல் இறக்கிச் சுமையைக் குறைப்பது. உலகெங்கும் இராணுவ விமானிகளிடம் இன்றும் உயிரோடு இருக்கும் முறை இது. இதைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. இந்திய இராணுவத்தின் உயர்மலைத் தேவைக்காகவே பிரான்சில் உருவான லாமா ஹெலிகாப்டர் 1969இல் இமயமலையில் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி எழும்பிக் காட்டியது. அதுவே பின்னர் எச்.ஏ.எல். தயாரிப்பில் சீத்தா ஆகி, சியாச்சின் முகாம்களுக்குச் சுமை கொண்டுசென்றது. அங்கே விமானி கிலோ கணக்கில் சுமையை எண்ணுகிறார். அந்த அனுபவத்தின் எடையை எந்த அட்டவணையும் தந்துவிடாது.

பலவீனம் எங்கே? தரைக்கு அருகில், விசிறியின் விட்டத்தளவு உயரத்துக்குள், கீழே தள்ளப்படும் காற்று தரையில் மோதுவதால் குறைந்த விசையிலேயே நிற்க முடிகிறது. மேலே போகப்போக அந்த உதவி மறைகிறது. தென்னந்தோப்புக்கு நடுவிலுள்ள மைதானத்தில் நின்று பார்த்த எண் தென்னை உச்சிக்குச் செல்லுபடியாகாது. அதைவிட முக்கியம், இந்தச் சோதனை எல்லா எஞ்சினும் ஓடும் நிலையை மட்டுமே சொல்கிறது. ஓர் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

இரண்டாம் பதில்: கையேட்டின் வரைபடங்கள்

பயணிகள் போக்குவரத்து வளர்ந்ததும் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. இறக்கைவிமானங்களுக்கு ஏற்கெனவே இருந்த யோசனை ஹெலிகாப்டருக்கு வந்தது: புறப்பாட்டில் ஒரு முடிவுப் புள்ளி வைத்துக்கொள்வது. அதற்கு முன் எஞ்சின் நின்றால் திரும்ப இறங்கிவிட வேண்டும். பின்னால் நின்றால் மிச்ச எஞ்சினை வைத்துத் தொடர்ந்து ஏறிவிட வேண்டும். அமெரிக்க விதிகளில் பெரிய ஹெலிகாப்டர்களுக்கான 29ஆம் பகுதி இதை ‘ஏ’ வகை என்று சான்றளிக்கிறது. இத்தகைய ஹெலிகாப்டரின் பறப்புக் கையேட்டில் எடை, உயரம், வெப்பம் மூன்றையும் இணைக்கும் வரைபடங்களும், கைவிட்ட புறப்பாட்டுக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்ற அளவும் இருக்கும். ஆக, தரவு எங்கே என்று கேட்டால் முதல் பதில் ‘கையேட்டில்’ என்பதே.

ஆனால் எல்லாக் கையேட்டிலும் எல்லா எண்ணும் இல்லை. சிறிய ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரின் கையேட்டில் கைவிட்ட புறப்பாட்டுத் தூரத்தைத் தேடினால் கிடைக்காது. எஞ்சின் நின்றால் அது இறங்கித்தான் ஆகவேண்டும் என்பதால் அப்படியொரு கணக்கே அங்கு இல்லை. கிடைப்பது எந்த உயரத்தில் எந்த வேகத்தில் நின்றால் தப்ப முடியாது என்று காட்டும் உயர-வேகப் படம். அதுவும் பல சிறிய ரகங்களுக்குத் தகவல் மட்டுமே, கட்டாய வரம்பு இல்லை. ‘ஏ’ வகைக் கணக்கு பல சமயம் தனி இணைப்பேடாக, ஒரு குறிப்பிட்ட கருவிப்பொருத்தத்துக்கும் ஒரு குறிப்பிட்ட எழும்பும் முறைக்கும் மட்டும் உரியதாக வரும். திறந்த வெளியில் முன்னோக்கி ஓடி எழும்பும் முறைக்குச் சில நூறு மீட்டர் வேண்டியிருக்கலாம். நெருக்கமான தளத்தில் ஏறத்தாழச் செங்குத்தாக எழும்பும் முறைக்கு இடம் குறைவு, ஆனால் எடையில் பெரிய தியாகம் வேண்டும். இரண்டின் எண்களையும் கலந்து படித்தால் ஆபத்து.

கையேட்டை நம்பும் முறையின் உள்பலவீனத்தை 2008 ஆகஸ்ட் 5இல் கலிபோர்னியாவில் நடந்த விபத்தைப்போல் வேறெதுவும் காட்டியதில்லை என்பது என் கணிப்பு. வீவர்வில் அருகே காட்டுத்தீ அணைக்கப் போனவர்களை ஏற்றிக்கொண்டு மலைத்தளம் ஒன்றிலிருந்து எழும்பிய சிகோர்ஸ்கி எஸ்-61 விழுந்து நொறுங்கியது. இருந்த 13 பேரில் 9 பேர் இறந்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010இல் வெளியிட்ட முடிவு திகைக்கவைப்பது. இயக்கிய நிறுவனம் ஹெலிகாப்டரின் வெற்று எடையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டியிருந்தது. எஞ்சின் விசை வரைபடத்தை மிகைப்படுத்தி மாற்றியிருந்தது. குறைந்தபட்சத் தரத்துக்கு மேற்பட்ட விசை கிடைக்கும் என்ற அங்கீகாரமற்ற கணக்கையும் பயன்படுத்தியது. விமானிகள் தம் கணக்கை ஒழுங்காகவே போட்டார்கள். கையில் இருந்த தாள் பொய்யாக இருந்தது. மேற்பார்வை செய்யவேண்டிய அரசு அமைப்புகளின் தவறுகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. குரங்கணி போன்ற மலைச்சரிவுகளில் இத்தகைய பணி வரக்கூடிய நாட்டில், ஒப்பந்தத்துக்கு எடுக்கும் ஹெலிகாப்டரின் கையேட்டை யார் சரிபார்ப்பது என்பது வெறும் நடைமுறைக் கேள்வி இல்லை.

பொய்யே இல்லாத கையேட்டிலும் ஓர் எல்லை உண்டு. அதன் எண்கள் தேர்ந்த சோதனை விமானிகள் நல்ல நிலையிலுள்ள ஹெலிகாப்டரில் பறந்து பெற்றவை. பழைய வரைபடங்களில் கோடிழுத்துக் கண்ணால் படிப்பதில் வரும் பிழையைத் தயாரிப்பாளர்களின் கணினிச் செயலிகள் ஓரளவு போக்கியிருக்கின்றன. ஆனால் உள்ளே இடும் வெப்பமும் காற்றும் தவறானால் செயலி அந்தத் தவறையே துல்லியமாகத் தரும்.

மூன்றாம் பதில்: வகுப்புகளும் ஒன்பது விநாடியும்

சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கேள்வியை ஹெலிகாப்டரிலிருந்து இயக்கத்துக்கு நகர்த்தியது. அதன் 6ஆம் இணைப்பின் மூன்றாம் பகுதி மூன்று செயல்திறன் வகுப்புகளைப் பேசுகிறது. முதல் வகுப்பில் எஞ்சின் நின்றாலும் பத்திரமாக இறங்கவோ தொடரவோ முடியவேண்டும். இரண்டாம் வகுப்பில் புறப்பாட்டின் தொடக்கத்திலும் இறங்குதலின் முடிவிலும் ஒரு குறுகிய இடைவெளி விடப்படுகிறது. மூன்றாம் வகுப்பில் எப்போது நின்றாலும் கட்டாய இறக்கம்தான். ஒரே ஹெலிகாப்டர் எடையைக் குறைத்துக்கொண்டால் முதல் வகுப்பிலும், ஏற்றிக்கொண்டால் இரண்டாம் வகுப்பிலும் பறக்கலாம்.

அந்தக் குறுகிய இடைவெளியை அளந்து ஏற்கலாம் என்ற வாதம் ஐரோப்பாவில், குறிப்பாக வடகடல் எண்ணெய் மேடைகளின் அனுபவத்திலிருந்து வலுப்பெற்றது. கணக்கு எளிது. ஓர் எஞ்சின் 1,00,000 மணிநேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் நிற்காது என்று வைத்துக்கொண்டால், இரண்டு எஞ்சின் ஹெலிகாப்டர் ஒன்பது விநாடி ஆபத்தில் இருப்பது பத்துக் கோடிப் புறப்பாட்டுக்கு ஐந்து என்ற வாய்ப்பைத் தரும். அது ஏற்கத்தக்கது என்பது இந்த வாதத்தை முன்வைப்போரின் நிலைப்பாடு.

இதற்கு எதிரான வாதங்கள் மூன்று திசையிலிருந்து வருகின்றன. எஞ்சின் நம்பகத்தன்மை எண் நன்கு பராமரிக்கப்படும் பெரிய தொகுதிகளின் சராசரி. புழுதி உறிஞ்சும் மைதானத்தில் ஓடும் எஞ்சினுக்கு அது பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லமுடியாது. அடுத்து, ஆபத்தை ஏற்பவர் யார் என்ற கேள்வி: எண்ணெய் மேடைக்குக் கீழே கடல், சிற்றூர் மைதானத்துக்குப் பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டம். மூன்றாவது, எஞ்சினை மட்டும் பார்ப்பது போதாது என்பது. 2018 அக்டோபரில் இங்கிலாந்தின் லெஸ்டர் கால்பந்து அரங்கிலிருந்து எழும்பிய ஏ.டபிள்யூ.169 விழுந்து ஐவர் இறந்தனர். அதன் இரண்டு எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. வால் விசிறிப் பொறியின் பேரிங் இறுகியதே காரணம். முதல் வகுப்புக் கணக்கு எதுவும் அதைத் தடுத்திருக்காது. எஞ்சின் நிற்றலுக்கான கணக்கைக் கைவிட இது காரணமாகாது. அதன் வாக்குறுதி எவ்வளவு குறுகியது என்பதற்கு நினைவூட்டல்.

நான்காம் பதில்: தரையின் வடிவியல்

தளம் கட்டுபவர்கள் கேள்வியை வேறு முனையிலிருந்து பிடித்தார்கள். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14ஆம் இணைப்பு, இரண்டாம் தொகுதி, தளத்தின் அளவை ஹெலிகாப்டரின் முழு நீளத்தை அலகாகக் கொண்டு சொல்கிறது. எம்.ஐ.-17க்கு அது 25 மீட்டருக்குச் சற்று மேல், ஏ.டபிள்யூ.139க்கு 17 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பொறியாளருக்கு இது வசதி. நாடாவைப் பிடித்து அளந்துவிடலாம். ஆனால் அதே தொகுதி முதல் வகுப்பு இயக்கத்துக்கான பரப்பு என்று வரும்போது, ‘பறப்புக் கையேட்டில் சொன்னபடி’ என்று கையை மீண்டும் கையேட்டுக்கே நீட்டுகிறது. பொதுப்பணித் துறைப் பொறியாளர் மேசையில் அந்தக் கையேடு இருக்காது. எந்த ஹெலிகாப்டர் வரும் என்பதே சில சமயம் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொள்வோம். ஊரின் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஆண்டாள் கோயில் இராஜகோபுரம் தெரியும். உயரம் 192 அடி, அதாவது 58 மீட்டருக்குச் சற்று மேல். புறப்பாட்டுப் பாதை கோபுரத்தை நோக்கி அமைந்தால், தடையற்று விடவேண்டிய சரிவுகளில் மிகக் கண்டிப்பான 4.5 விழுக்காட்டுச் சரிவு கோபுர உச்சிக்கு மேலே போகக் கோபுரம் தளத்திலிருந்து 1,300 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். 12.5 விழுக்காட்டுச் சரிவை ஏற்றால் 470 மீட்டர் போதும். பாதையைத் திருப்பிவிட்டால் கோபுரம் சிக்கலே இல்லை. ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்றை எதிர்த்து எழும்புவதென்றால் முகம் மலைப் பக்கம். மேற்கே, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக இருக்கும் மலைத்தொடர் ஏறத்தாழ 2,000 மீட்டர் வரை எழுகிறது. மலையைத் தாண்டிவரும் காற்று இந்தப் பக்கம் கீழிறங்கிப் புரளக்கூடும். காற்றுக்கு முகம் கொடுத்தால் எழும்பல் எளிது, ஏற்றம் கடினம். முதுகு கொடுத்தால் தலைகீழ்.

இங்கேதான் கையேட்டுக்காரர்களும் வடிவியல்காரர்களும் ஒருவரையொருவர் சந்திக்காமல் போகிறார்கள். ‘ஏ’ வகைச் சான்று புறப்பாட்டின் முதல் ஏற்றத்தில், ஓர் எஞ்சினில், கேட்கும் குறைந்தபட்ச வேகம் நிமிடத்துக்கு 100 அடி. முன்னோக்கிய வேகம் 45 நாட் என்று வைத்தால் ஹெலிகாப்டர் ஒரு நிமிடத்தில் கடப்பது ஏறத்தாழ 4,560 அடி. ஏற்றம் 2.2 விழுக்காடு மட்டுமே. தளத்தை வரைந்தவர் விட்டுவைத்ததோ 4.5 விழுக்காடு. அந்தச் சரிவைத் தொட நிமிடத்துக்கு 200 அடிக்கு மேல் வேண்டும். ஆக, சான்று பெற்ற ஹெலிகாப்டர், விதிப்படி வரைந்த தளம் என்ற இரண்டும் சேர்ந்தாலும் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. அன்றைய வெப்பத்துக்குரிய ஒற்றை எஞ்சின் ஏற்ற வரைபடத்தை எடுத்து, தடையின் உயரத்தோடு ஒப்பிட்டு, எடையைக் குறைத்தால்தான் கணக்கு மூடும்.

தரையின் உறுதியும் இதில் சேரும். 2025 அக்டோபர் 22இல் குடியரசுத் தலைவர் பயணித்த ஹெலிகாப்டர் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டம் பிரமாடத்தில் அவசரமாகப் போட்ட தளத்தில் இறங்கியதும் அதன் சக்கரம் புதுக் கான்கிரீட்டில் புதைந்தது. காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் கையால் தள்ளினார்கள். யாருக்கும் காயமில்லை. கரிசல் மண் பரந்த விருதுநகர் மாவட்டத்தில் இதைக் கேலிச்செய்தியாகக் கடந்துபோக முடியாது.

இன்னும் தீராதவை

மேலே கண்ட பதில்கள் எல்லாம் புறப்பாட்டுத் தரவில் ஹெலிகாப்டருக்குரிய பாதியை மெதுவாகச் செம்மைப்படுத்தியிருக்கின்றன. இடத்துக்குரிய பாதி அப்படியே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு, பிளவக்கல் ஆகிய இடங்களின் மழையளவு மில்லிமீட்டர் சுத்தமாகப் பதிவாகி மாவட்டப் பட்டியலில் வருகிறது. விமானிக்கு வேண்டிய காற்று, அழுத்தம், வெப்பம் ஆகியவற்றை விமானப் போக்குவரத்துக்கு உரிய முறையில் தரும் அருகிலுள்ள இடம் மதுரை விமான நிலையம். சமவெளி நடுவிலுள்ள மதுரையின் காற்று மலையடிவாரத்துக்கு எவ்வளவு பொருந்தும்? அறிவிக்கப்பட்ட எதிர்க்காற்றில் பாதிக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற வழக்கமான எச்சரிக்கை, காற்று அந்த இடத்திலேயே அளக்கப்பட்டது என்று கருதிச் சொன்னது.

2021இல் மத்திய அரசு ஹெலிகாப்டர் கொள்கையோடு அறிமுகப்படுத்திய ‘ஹெலி சேவா’ இணையதளம் இறங்குதள அனுமதிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவரும் முயற்சி. அனுமதியோடு தடைகளின் உயரம், மின்கம்பிகளின் பாதை, தளத்தின் தாங்குதிறன், கோடைகால வெப்பப் பதிவு ஆகியவையும் சேர்ந்தால் அது இந்த மறுபாதித் தரவைத் தரும் இடமாக மாறலாம். தென்னை வளர்கிறது, புதிய மின்கம்பம் நடப்படுகிறது. ஒருமுறை அளந்தது போதாது. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு மைதானத்தின் சொந்தக்காரருக்கா, மாவட்ட நிர்வாகத்துக்கா, இயக்கும் நிறுவனத்துக்கா என்பது, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பயன்படும் தற்காலிகத் தளங்களைப் பொறுத்தவரை தெளிவாக இல்லை.

தயாரிப்பாளர்கள் புறப்பாட்டு எண்களைத் திட்டமிடுவோருக்கு வெளிப்படையாகத் தரவேண்டுமா என்பதிலும் கருத்து ஒருமிக்கவில்லை. தந்தால் கட்டுபவர் கையேடு இல்லாமலே திட்டமிடலாம் என்பது ஒரு தரப்பு. சூழல் அறியாதவர் கையில் போன எண் பழைய திருத்தத்தோடு ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது மறுதரப்பு. 2008 விபத்தைப் படித்தவர்கள் இதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். திட்டமிடுவோருக்கு மட்டும், தேதியிட்ட, எச்சரிக்கையான பக்கம் நின்று தொகுத்த ஒரு சுருக்க அட்டவணை இடைவழியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. அது நடைமுறையில் எப்படி அமையும் என்பது இனி பார்க்கவேண்டியது.

மீட்புப் பணி எல்லாவற்றையும் விடச் சிக்கலானது. வருகை தரும் தலைவருக்கு முதல் வகுப்பைக் கட்டாயமாக்குவது எளிது. இரண்டு உதவியாளர்களை இறக்கிவிட்டால் எடை குறைந்துவிடும். மே மாத நண்பகலில் தீக்காயம் பட்டவரையும் மருத்துவரையும் ஏற்றிக்கொண்டு எழும்பவேண்டிய ஹெலிகாப்டரில் இறக்கிவிட எரிபொருளைத் தவிர வேறெதுவும் இல்லை. அதில் எவ்வளவு இறக்கினால் மதுரைக்குப் போய்ச் சேரலாம், எவ்வளவு இறக்கினால் கோபுரத்தைத் தாண்டலாம் என்ற இரண்டு எண்ணும் ஒரே தாளில் இருக்கவேண்டும். இன்று அவை இரண்டு துறைகளின் கோப்புகளில் இருக்கின்றன.